முதலிடத்துச் சிவப்புச் சட்டை

தம்பி, டீக்கடைச் சுவரில் நீ ஒட்டிவிட்டுப் போன பட்டியலை இன்று காலையில் கிழித்துவிட்டேன். உலகத்திலேயே பணக்காரக் கால்பந்து கிளப்புகள் எவை, வருடத்துக்கு எந்த கிளப்புக்கு எவ்வளவு வருமானம் என்று சார்ட் தாளில் நீயே ஸ்கெட்ச் பேனாவால் எழுதியது. பசை தாராளமாகப் போட்டிருந்தாய். மேலே இருந்த பெரிய கிளப்புகள் ஒரே இழுப்பில் வந்துவிட்டன. கடைசியில் இருந்த மூன்று நான்குதான் சுவரை விடமாட்டேன் என்று அடம்பிடித்தன. நகத்தால் சுரண்டினேன். அந்த இடத்தில்தான் இந்தக் கடிதத்தை ஒட்டப் போகிறேன். இன்னொரு பிரதி இன்றைய திருப்பூர் பஸ்ஸிலேயே உனக்கு வரும். அம்மா மகனுக்கு எழுதுவதை ஊர் எதற்குப் படிக்க வேண்டும் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். நீ அனுப்பிய சட்டையால் அவதிப்படுவது ஊர். கடிதத்தையும் ஊரே படிக்கட்டும்.

உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. இந்தச் சமயத்தில் பெற்றவள் பிள்ளைக்குப் புத்தி சொல்வது வழக்கம். பெண்டாட்டியின் கண் கலங்காமல் பார்த்துக்கொள், மாமனார் மாமியாரை மதி, சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்து வை என்று நானும் நாலு வார்த்தை யோசித்து வைத்திருந்தேன். இப்போது அதெல்லாம் வாயில் வரவில்லை. உன்னை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. அன்று போனில் நான் சொன்னதைப் பாதி கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். இது கடிதம், நடுவில் வைக்க முடியாது.

நம் ஊர் டீமுக்குப் புதுச் சட்டை என்று திருப்பூரிலிருந்து ஒரு கட்டு அனுப்பினாய். உன் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் சீமை கிளப்பின் சிவப்புச் சட்டை, நெஞ்சில் அதே முத்திரை. உன் வருங்கால மாமனாரின் பனியன் கம்பெனியில் தைத்தது. அந்த கிளப் இவரிடம் தைக்கச் சொல்லவில்லை என்பதும், அந்த முத்திரை திருட்டு முத்திரை என்பதும் எனக்கு அப்போது தெரியாது. பையன்கள் கட்டைப் பிரித்ததும் குதித்தார்கள். புதுத்துணியில் மண்ணெண்ணெய் நாற்றம் அடித்தது, அலசாமல் போட முடியாது. ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருந்தது. நம் குந்தா மலைப் பக்கத்து ஆனி மழை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பத்து நாளாகக் கொடியில் போட்ட துணி பாசி பிடித்துக் கிடந்தது. டீம் சட்டையை எங்கே காயப்போடுவோம் என்பது உனக்குத் தெரியும். நீ ஆடிய காலத்திலும் அங்கேதான் போட்டேன். நான் வேலை பார்க்கும் தேயிலை ஃபேக்டரி மாடியில், பச்சை இலையைப் பரப்பி அடியிலிருந்து காற்று விட்டு வாட்டும் நீளத் தொட்டிக்கு மேலே, குறுக்கே ஒரு கம்பி கட்டியிருக்கும். ராத்திரி போட்டால் காலையில் மொறமொறவென்று எடுக்கலாம். நம் பையன்கள் ஓடினால் தேயிலை வாசம் வரும் என்று கேத்தி ஊர் டீம்காரர்கள் கேலி செய்வார்கள்.

அது சரியான வழக்கமா என்று கேட்டால் இல்லைதான். மனிதர் குடிக்கிற பண்டத்துக்கு மேலே வேர்வைச் சட்டையைத் தொங்கவிட்டது தப்பு. அதை நான் பிறகு சோதனைக்கு வந்த அதிகாரியிடமே சொன்னேன், அதற்கு எவ்வளவு தண்டம் வேண்டுமானாலும் போடுங்கள் என்றேன். ஆனால் இத்தனை வருடமாக அங்கே தொங்கியவை வெள்ளை பனியன்கள். பச்சைத் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் அவற்றிலிருந்து சொட்டியதில்லை. உன் சிவப்புச் சட்டையை ஓடையில் அலசியபோது கொஞ்சம் சாயம் விட்டது. ஓடுகிற தண்ணீரில் எவ்வளவு போனது என்று யார் பார்த்தது? புதுத்துணி முதல் தண்ணீரில் கொஞ்சம் விடத்தான் செய்யும் என்று நினைத்தேன். அதோடு, உலகத்திலேயே பணக்கார கிளப்பின் சட்டை என்று நீ சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாயே, அதுவா சாயம் போகும் என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

காலையில் போய்ப் பார்த்தால் தொட்டியில் இலை ரத்தம் தெளித்த மாதிரி கிடக்கிறது. மேனேஜர் மாடிக்கு வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். இப்போது தேயிலையில் சாயம் கலக்கிறவர்களைப் பிடிக்க ஃபேக்டரி ஃபேக்டரியாக அதிகாரிகள் வருகிறார்கள். விலை விழுந்ததிலிருந்து சில பேர் கழிவுத் தூளுக்குச் சாயம் ஏற்றி விற்கிறார்கள். அவர்கள் செய்த புண்ணியத்தில் எல்லோருக்கும் சோதனை. நம் கெட்ட நேரம், அன்றைக்கே கீழே ஜீப் சத்தம். மேனேஜர் என்ன செய்தார் தெரியுமா? சட்டைகளை வாரிச் சுருட்டிக்கொண்டு போய் டிரையர் அடுப்பில் போட்டுவிட்டார். ஒரு படி இலையை அள்ளிக் குப்பையில் கொட்டத் தோன்றவில்லை, சாட்சியை எரிக்கத்தான் தோன்றியது. பதறிய காரியம் சிதறும் என்பது இதுதான்.

அதிகாரி இலையைக் கையில் எடுத்துத் தேய்த்தார். விரல் சிவந்தது. "இது என்னங்க?" என்றார்.

நான், "சட்டையில இருந்து சொட்டுன சாயமுங்க. பசங்களோட பந்து வெளையாட்டுச் சட்டைங்க" என்றேன்.

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர், "சட்டைங்களா? எந்தச் சட்டைங்க?" என்று விழித்தார். அதோடு நான் சொன்ன உண்மை பொய்யாகிவிட்டது. பிறகு அவரே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அழுதும் பிரயோஜனமில்லை.

அதிகாரி என்னிடம், "எந்த டீம் சட்டைம்மா?" என்று கேட்டார். உன் பட்டியலின் முதலிடத்துப் பேரைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. அவரும் உன்னைப் போல டிவி முன்னால் கண் விழிக்கிற ஆள் போலிருக்கிறது. "ஏம்மா, யாருகிட்ட கதை சொல்றீங்க? அது எத்தனை பெரிய கிளப்புன்னு தெரியுமா? அவங்க சட்டையாவது சாயம் போறதாவது" என்றார். அந்த விஷயத்தில் அந்தப் படித்த மனிதரும் நானும் ஒரே கட்சி என்று பார்த்துக்கொள். பணம் அதிகமாக இருந்தால் சாயமும் கெட்டியாக நிற்கும் என்பது எல்லோருடைய நம்பிக்கையும்தான். தொட்டிக்கு முத்திரை வைத்தார், ஃபேக்டரியைப் பூட்டச் சொன்னார். வருகிற புதன்கிழமை மறுபடி வருகிறார். அதற்குள் அப்படி ஒரு சட்டையையோ, அதைக் கொடுத்த ஆளையோ கொண்டுவந்து நிறுத்தினால் பார்ப்பாராம். இல்லாவிட்டால் சாயம் கலந்த கேஸ், லைசென்ஸ் போகும்.

அன்று சாயங்காலமே உனக்குப் போன் போட்டேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை. "அம்மா, எம் பேர மட்டும் சொல்லிப்போடாதீங்க. டூப்ளிகேட் சட்டைன்னு வெளிய தெரிஞ்சா மாமா கம்பெனிய மூடிப்போடுவாங்க. கல்யாணம் நின்னு போயிரும். ஒரு மாசம் பொறுத்துக்குங்க." கல்யாணமும் நடக்க வேண்டும், ஊரில் நல்ல பிள்ளை என்ற பேரும் வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஒரு மாதம் பொறுக்க வேண்டியது நானில்லை தம்பி, இலை. செடிக்கு உன் முகூர்த்த நாள் தெரியாது. மழையில் அது பாட்டுக்குக் கொழுந்து விடுகிறது. உன் அப்பா தினமும் பறித்துக்கொண்டு வந்து பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டு, மலை இறங்கி அடுத்த ஃபேக்டரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். அங்கே, "அந்தச் சாய ஃபேக்டரி இலையா? வேண்டாமுங்க" என்று திருப்பிவிடுகிறார்கள். அதில் என்ன சாயம், செடியிலேயே சாயம் போட்டா பறிக்கிறார்கள்? நேற்று மூட்டையைப் பள்ளத்தில் கவிழ்த்துவிட்டு வெறும் சாக்கோடு வந்தார். ஒரு கிலோ இலை விற்றால் ஒரு டீ குடிக்க முடியாத காலம் இது. அந்த விலைக்கும் வாங்க ஆளில்லாமல் செய்த பெருமை உன்னைச் சேரும். நம் வீட்டில் மட்டும் இல்லை, நம் ஊரில் அடுப்பு எரிகிற எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

உன் பட்டியலை நான் படிக்காமல் கிழித்தேன் என்று நினைக்காதே. டீக்கடை வேலுச்சாமி ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல உட்கார்ந்து கேட்டேன். பெரிய கிளப்புக்கு மூன்று வழியில் வருமானமாம். மைதானத்துக்கு வருகிறவன் வாங்கும் டிக்கெட், டிவிக்காரன் கொடுக்கும் பணம், சட்டை விற்பதும் சட்டையில் விளம்பரம் போடுவதும். ஒரு நாட்டில் டிவிப் பணத்தைச் சின்ன கிளப்புக்கும் சேர்த்துப் பங்கு வைப்பார்களாம், இன்னொரு நாட்டில் பெரிய கிளப் தன் ஆட்டத்தைத் தானே விற்றுக்கொண்டு மற்றவனைத் திரும்பியும் பார்க்காதாம். ஒரு கிளப் கோப்பை ஜெயிக்காமலே மேலே ஏறுகிறது, இன்னொன்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு கீழே நிற்கிறது. ஏன் என்று கேட்டால், "இது வருமானப் பட்டியல்தானக்கா, வெளையாட்டுப் பட்டியல் இல்லீங்க" என்கிறார் வேலுச்சாமி. சரி, செலவு எங்கே என்று கேட்டேன். ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுத்தே கையைக் கடிக்கும் கிளப்புகளும் இதில் உண்டாம், ஆனால் அது இந்தப் பட்டியலில் வராதாம். நல்ல பட்டியல்தான் போ. வரவை மட்டும் எழுதினால் நம் ஃபேக்டரி முதலாளிகூடக் கோடீஸ்வரர். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். உனக்குத்தான் சீமைக்காரன் வரவு மனப்பாடம்.

எனக்கு ஆத்திரம் அந்த கிளப்புகள் மேல் இல்லை. அவர்கள் என்னவோ சம்பாதிக்கிறார்கள், தின்கிறார்கள். அவர்கள் வருமானம் ஏறினால் உனக்கு ஏன் மார்பு விம்முகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. பொங்கலுக்கு வந்தவன் கடையில் நின்றுகொண்டு, "இந்த வருசமும் நாமதான் மொதலிடம்" என்றாய். நாமதான்! இலை விலை விழுந்து, கவாத்துப் பண்ண ஆள் கூலிக்குப் பணமில்லாமல், செடி மரமாகி நிற்கிற தோட்டத்துக்காரன் பையன், மலையில் வேலையில்லை என்று திருப்பூர் போய் மெஷின் மிதிக்கிறவன், நாமதான் முதலிடமாம். வேலுச்சாமி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார், நீ கவனிக்கவில்லை. இரண்டாமிடத்து கிளப்புக்கு வெள்ளைச் சட்டையாமே. உனக்கு அந்த இரண்டாமிடத்துக்காரனைப் பிடித்துத் தொலைத்திருந்தால் நம் இலை பச்சையாகவே இருந்திருக்கும். முதலிடம் தவிர வேறு எதையும் தொடமாட்டாய், அதனால் வந்த வினை.

மாமனாரையும் அப்படித்தான் பிடித்தாய். நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது அவர் கம்பெனியைச் சுற்றிக் காட்டினார். அவர் மகள்தான் தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே எனக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தாள், ஞாபகம் இருக்கிறது. அவரோ மூச்சுக்கு மூச்சு டர்னோவர் டர்னோவர் என்றார். நீ பக்கத்தில் நின்று, போன வருடம் எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு என்று எனக்குக் காதில் ஓதினாய், ஏதோ அதுவும் உன் பட்டியலில் ஏறப்போகிற மாதிரி. அவர் பொல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. மலிவுச் சாயம், திருட்டு முத்திரை, அதில் பிழைக்கிற ஒரு மனிதர், அவ்வளவுதான். அந்த ஊரில் அவர் ஒருவரா? ஆனால் அவருக்குப் பயந்து பெற்றவர்களைப் பள்ளத்தில் இலை கொட்ட விடுகிற மகனை நான் எந்தப் பட்டியலில் எழுதுவது? மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம். உனக்குக் கல்யாணத்துக்கு முன்பே மடி நிறைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய வெள்ளை பனியனை ஈரத்தோடு போட்டுக்கொண்டு ஆடினார்கள். தோற்றுவிட்டார்கள். பனி இறங்கி, நம் கோல்கீப்பர் பந்து வந்ததையே பார்க்கவில்லை. கேத்தி பையன்கள் போகும்போது, "சாயம் வெளுத்துருச்சுங்களா?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேரட் வண்டியில் ஏறிச் சிரித்துக்கொண்டே போகிறவர்களைப் பார்க்க வயிறு எரிந்தது. அவர்கள் கேரட்டை மண்ணில் போடுகிறார்கள், பிடுங்குகிறார்கள், விற்கிறார்கள். நமக்குத்தான் இலையை வாட்ட வேண்டும், உருட்ட வேண்டும், அதற்கு ஒரு ஃபேக்டரி திறந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை டீக்கடைக்கு எனக்கு ஒரு போன் வந்தது. நீதான் மனசு மாறிக் கூப்பிடுகிறாய் என்று ஓடினேன். நீ இல்லை, உனக்கு நிச்சயித்த பெண். "அத்தை, நானுங்க" என்றாள். என்ன விஷயம் என்று கேட்டாளா, அழுதாளா, ஒன்றும் இல்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நீ கம்பெனியில் நின்று போனில் பேசியதைப் பக்கத்து அறையில் இருந்து கேட்டிருக்கிறாள். அவள் கேட்டது ஒரே கேள்விதான். "அந்தச் சட்டைக்குச் சாயம் நிக்காதுங்கத்தை. தனியாத் தொவைச்சுத் தனியாக் காயப்போடச் சொல்லோணும்னு அவருகிட்டச் சொல்லித்தானுங்க கட்டுக் கட்டுனேன். அவரு சொல்லலீங்களா?"

தம்பி, அதைக் கேட்டு நான் சுவரைத்தான் பார்த்தேன். உன் பட்டியல் எதிரே இருந்தது. அத்தனை கிளப்பின் பெயர், அத்தனை கிளப்பின் வருமானம், பக்கத்தில் பூ மாதிரி பார்டர் வேறு. சட்டைக் கட்டோடுதான் அந்தத் தாளும் வந்தது. சட்டையை அலசுவதற்கு முன்னால் நீயும் ஒரு நாள் வந்து உன் கையாலேயே ஒட்டிவிட்டுப் போனாய். அதன் அடியில் 'அம்மா, இதைத் தனியாகத் துவை' என்று ஒரு வரி எழுத இடமில்லாமல் போய்விட்டது. வாயால் சொல்லவும் நேரமில்லை. உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மறந்திருக்கிறாய். மறந்ததைக்கூட மன்னித்துவிடுவேன், மறதி எனக்கும் உண்டு. நான் அன்று போனில் இலை சிவந்துவிட்டது என்றபோது உனக்கு அந்த நிமிஷமே ஞாபகம் வந்திருக்கும். அப்போதும், "நாஞ் சொல்ல மறந்துட்டனுங்கம்மா" என்று உன் வாயில் வரவில்லை. "எம் பேர மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்றுதான் வந்தது. எனக்கு நெஞ்சு கசந்தது அங்கேதான்.

அந்தப் பெண் மேலும் பேசினாள். "கம்பெனியில மீதி இருக்கற கட்டுல இருந்து ஒரு சட்டைய எடுத்து வெச்சுட்டனுங்க. புதங்கெழமை வெடியால மொத பஸ்ஸுக்கு வந்தர்றனுங்க. அதிகாரி முன்னாடி ஒரு வாளித் தண்ணியில முக்கிக் காட்டிப்போடலாமுங்க." அவள் அப்பா என்ன சொல்வார் என்று கேட்டேன். "எங்கப்பாகிட்ட நாஞ் சொல்லிக்கிறனுங்க. திட்டுவாருங்க. திட்டட்டுமுங்க" என்றாள். கல்யாணம் நின்றுவிட்டால் என்றேன். "அது அவரு கையிலதானுங்க இருக்குது" என்றாள். இதையெல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டப் போகிறேன் என்று அவளிடமும் சொன்னேன். "ஒட்டுங்கத்தை" என்றாள். கல்யாணத்துக்கு முன்பு உனக்குச் சொல்ல வேண்டிய புத்திமதி ஒன்றே ஒன்று மீந்திருந்தால் அது இதுதான்: அந்தப் பெண்ணுக்கு நீ தகுதியில்லை. தகுதி வரும்படி நடந்துகொள், அல்லது அவளை விட்டுவிடு.

ஆக, உன்னால்தான் ஃபேக்டரி திறக்க வேண்டும் என்ற கவலை இனி உனக்கு வேண்டாம். புதன்கிழமை அவள் வருவாள், வாளியில் முக்குவாள், தண்ணீர் சிவக்கும், அதிகாரி தன் கிளப்பை நினைத்து வாயைப் பிளப்பார். சோதனையெல்லாம் முடிந்து ஃபேக்டரி திறக்கும். உன் அப்பா இலையைக் கொண்டுபோய் எடை போடுவார். நீ இல்லாமலே எல்லாம் நடந்துவிடும். ஆனால் நீ நிச்சயதார்த்தத்துக்குப் போட்டிருந்தாயே இதே மாதிரி ஒரு சிவப்புச் சட்டை, போட்டோவில்கூட பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய், அது உன்னிடம் இருக்கிறது. நீ அதை இன்னும் துவைத்திருக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா. அதைப் போட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறு. குடை எடுக்காதே. ஸ்டாப்பில் இறங்கி ஃபேக்டரி கேட் வரைக்கும் ஊர் நடுவே மழையில் சாயம் ஒழுக நடந்து வா. அதிகாரிக்கு ஒரு சட்டை போதும். எனக்குத்தான் போதாது.

அம்மா